செல்ஃப் சுத்துது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகல: அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

முதல்ல எந்த கேஸ்னு பிரிச்சுக்கணும். சாவிய திருப்புனா "டிக்"னு ஒரு சத்தம் மட்டும் வந்து எஞ்சின் அசையவே மாட்டேங்குதுன்னா அது பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் சமாச்சாரம், அதுக்கு இந்த கட்டுரை இல்ல. இங்க சொல்றது செல்ஃப் எடுக்குது, எஞ்சின் சுழலுது, ஆனா பத்திக்க மாட்டேங்குது அப்படிங்கற பிரச்சனைய பத்தி. ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிய மனசுல வச்சுதான் சொல்றேன், டீசலுக்கும் சிஎன்ஜிக்கும் கடைசில தனியா சொல்றேன்.

இந்த மாதிரி நேரத்துல நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் பண்றது ஒண்ணே ஒண்ணுதான், விடாம செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கறது. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. 5 செகண்ட் அடிங்க, பிடிக்கலயா, அரை நிமிஷம் விடுங்க. தொடர்ந்து அடிச்சா பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடேறும், பிளக் பெட்ரோல்ல நனைஞ்சிடும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டர கெடுக்கும், அது விலை தெரிஞ்சா யாரும் அடிக்க மாட்டாங்க. அடுத்தது, தோணுன பார்ட்ட மாத்தி பாக்கற பழக்கம். பம்ப் மாத்தி பாப்போம், காயில் மாத்தி பாப்போம்னு ஆரம்பிச்சா பணம்தான் போகும், என்ன கோளாறுன்னு தெரியாது. எஞ்சினுக்கு வேண்டியது பெட்ரோல், பிளக்ல கரண்ட், காத்தும் கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள்ள காத்த அமுக்கறது), இது எல்லாம் சரியான டைமிங்ல. இதுல எது இல்லன்னு கண்டுபிடிச்சிட்டா மீதி வேலை சின்னதுதான், அத கண்டுபிடிக்க கண்ணும் காதும் பெரும்பாலும் போதும்.

தண்ணி தேங்குன இடத்துல நின்ன வண்டியா? சாவியே போடாதீங்க

இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா மத்த எல்லாத்துலயும் தப்பு பண்ணா காசு கொஞ்சம் போகும், இதுல எஞ்சினே போகும். தண்ணி ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள போயிருந்தா பிஸ்டன் மேல வரும்போது காத்த அமுக்கற மாதிரி தண்ணிய அமுக்க முடியாது, அப்ப கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் உடைஞ்சு பிளாக்க பிளந்துட்டு வெளிய வரும். சென்னைல 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழையிலயும் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல மூழ்கி கிடந்த வண்டிங்கள தண்ணி வடிஞ்ச உடனே "ஒரு தடவ பாத்துடலாம்"னு செல்ஃப் அடிச்சுதான் நிறைய பேர் எஞ்சின தொலைச்சாங்க.

பானெட்ட திறந்து ஏர் ஃபில்டர் டப்பாவ கழட்டி பாருங்க. பேப்பர் ஈரமா இருந்தா, இல்ல டப்பா உள்ள சேத்து கோடு தெரிஞ்சா, அதோட நிறுத்திக்கங்க. பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு டோ பண்ணுங்க. ஷெட்ல பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு எஞ்சின கையால சுத்தி தண்ணிய வெளிய தள்ளி, ஆயிலும் மாத்துன பிறகுதான் செல்ஃப் பேச்சே. இன்சூரன்ஸ் சாதாரண பாலிசியா இருந்தா இந்த டேமேஜுக்கு பெரும்பாலும் கிளெய்ம் தர மாட்டாங்க, எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் போட்டிருக்கீங்களான்னு இப்பவே எடுத்து பாத்துக்கங்க.

செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னாடி 10 செகண்ட்

சாவிய ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிட்டு கைய எடுங்க. ஏசி ஃபேன், பாட்டு எல்லாம் ஆஃப். மூணு விஷயம் கவனிங்க. மஞ்சள் கலர் செக் எஞ்சின் லைட் எரியுதா? சாவி படம் போட்ட லைட் இல்ல பூட்டு லைட் கண் சிமிட்டுதா? பின் சீட்டு பக்கத்துல இருந்து ரெண்டு செகண்ட் "ம்ம்ம்"னு ஒரு மோட்டார் சத்தம் கேட்டு நிக்குதா? கேக்கலன்னா பின் சீட்டுல ஒருத்தர உக்கார வச்சு கேக்க சொல்லுங்க, ரோட்டு சத்தத்துல முன்னாடி கேக்காது. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுத்தற வேகம் காட்டற ஆர்பிஎம் முள் கொஞ்சமாச்சும் துடிக்குதான்னும், சுத்தற சத்தம் எப்பவும் போல இருக்கான்னும் பாருங்க. இந்த அஞ்சுல எது மாறியிருக்கோ அதுதான் நீங்க போக வேண்டிய வழி.

சுத்துது, ஆனா சோம்பலா சுத்துது

இது பேட்டரிதான், "செல்ஃப் எடுக்குதே, பேட்டரி நல்லாதான் இருக்கு"ன்னு சொல்றவங்க இங்கதான் தப்பு பண்றாங்க. செல்ஃப் சுத்தற அளவுக்கு இருக்கும், ஆனா அந்த இழுப்புல வோல்டேஜ் விழுந்து ஈசியூவும் (எஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பெட்ரோல் பம்பும் ஒழுங்கா வேலை செய்யாது. மல்டிமீட்டர வச்சு பாருங்க, சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக் கூடாது. இறங்குச்சுன்னா வேற எதையும் தொடாதீங்க, டெர்மினல்ல பச்சை பூத்திருந்தா சுரண்டி டைட் பண்ணிட்டு இன்னொரு வண்டில இருந்து ஜம்ப் போட்டு பாருங்க. பாசிட்டிவுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் கடைசி முனைய மட்டும் உங்க வண்டி பேட்டரில மாட்டாம எஞ்சின் இரும்புல மாட்டுங்க.

செக் எஞ்சின் லைட் எரியவே இல்ல

ஓடும்போது அந்த லைட் எரிஞ்சா பயப்படுவோம், ஆனா சாவி ஆன் போட்டதும் அது எரிஞ்சே ஆகணும். எரியலன்னா ஈசியூவுக்கே கரண்ட் போகல. மெயின் ரிலே, ஃப்யூஸ், எர்த் இந்த மூணுதான் முதல் சந்தேகம். ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் எது எதுக்குன்னு படம் போட்டிருப்பான். போன ஃப்யூஸுக்கு பதிலா அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போடணும், செம்பு கம்பி சுத்தறதோ பெரிய ஃப்யூஸ் போடறதோ ஒயரிங்குக்கு நீங்களே தீ வைக்கற வேலை. புது ஃப்யூஸும் உடனே போச்சுன்னா எங்கயோ ஷார்ட் இருக்கு, அங்க நம்ம ஊர்ல முதல்ல தேட வேண்டியது எலியத்தான்.

எலி கடிச்சத எப்படி பாக்கறதுன்னா, டார்ச் அடிச்சு பேட்டரிக்கு பின்னாடி, எஞ்சினுக்கும் டேஷ்போர்டு சுவருக்கும் நடுவுல, இன்ஜெக்டருக்கு போற ஒயர் கட்டு, இந்த மூணு இடத்துல பாருங்க. கறுப்பு அரிசி மாதிரி புழுக்கை, பிச்சு போட்ட பானெட் பஞ்சு, பாதி தின்ன தேங்கா சில்லு ஏதாச்சும் கிடக்கும். ஒயர் முழுசா அறுந்திருக்கணும்னு இல்ல, மேல் தோல் மட்டும் உரிஞ்சு செம்பு பளபளன்னு தெரிஞ்சாலே போதும். அத முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விடாதீங்க, எஞ்சின் சூட்டுல டேப் பசை உருகி கழண்டுக்கும், சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட சொல்லுங்க.

சாவி லைட் சிமிட்டுது

இம்மொபிலைசர், அதாவது சாவில இருக்கற சிப்ப சரிபாக்கற திருட்டுத் தடுப்பு, சாவிய ஏத்துக்கல. நிறைய வண்டில செல்ஃப் தாராளமா எடுக்கும், ஆனா பெட்ரோல விடாது. ஸ்பேர் சாவிய போட்டு பாருங்க, அதுல ஸ்டார்ட் ஆச்சுன்னா வேலை முடிஞ்சுது. ஒரே வளையத்துல இன்னொரு வண்டியோட சாவி தொங்குனா அத கழட்டிட்டு பாருங்க, ரெண்டு சிப்பும் குறுக்கிட்டுக்கும். சாதாரண சாவில ரிமோட் பேட்டரி தீந்தா கதவுதான் திறக்காது, ஸ்டார்ட் ஆகறதுக்கு அந்த பேட்டரி வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா சாவிய அந்த பட்டன் மேலயே ஒட்டி வச்சு அமுக்குங்க, நிறைய வண்டில இது வேலை செய்யும். ரோட்டோர கடைல சிப் இல்லாம வெட்டுன டூப்ளிகேட் சாவி கதவ திறக்கும், செல்ஃபும் எடுக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது.

இதோட சேத்து இன்னொண்ணு, வெளிய கடைல அலாரம், செண்ட்ரல் லாக்கிங் போட்டிருந்தா சில பேர் எஞ்சின் கட் ரிலே ஒண்ண பம்ப் லைன்லயோ இக்னிஷன் லைன்லயோ வெட்டி சேத்திருப்பாங்க. ஸ்டியரிங்குக்கு கீழ டேப் சுத்துன ஒயர் கத்தையா தொங்குனா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட அத பைபாஸ் பண்ணி பாக்க சொல்லுங்க.

பின் சீட்டு பக்கம் சத்தம் வரல

டேங்குக்குள்ள இருக்கற பெட்ரோல் பம்ப் ஓடல. ஆனா பம்ப் போச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. முதல்ல பம்ப் ஃப்யூஸ். அடுத்து ரிலே, அதே பாக்ஸ்ல ஹாரனுக்கு அதே நம்பர் போட்ட ரிலே பெரும்பாலும் இருக்கும், ரெண்டையும் மாத்தி குத்துங்க, இப்ப பம்ப் சத்தம் வந்து ஹாரன் அடிக்கலன்னா நூறு இருநூறு ரூபா ரிலேதான் கோளாறு. பழைய ஃபோர்டு, ஃபியட் வண்டில இடிச்சா பெட்ரோல நிறுத்தற இனெர்ஷியா ஸ்விட்ச் இருக்கும், பெரிய பள்ளத்துல தடால்னு விழுந்தா கூட அது சில நேரம் தட்டிக்கும், மேல இருக்கற பட்டன அமுக்கி விட்டா சரி.

அதுவும் இல்லன்னா ஒருத்தர் சாவி ஆன் பண்ணும்போது இன்னொருத்தர் டேங்குக்கு அடில ரப்பர் சுத்தியாலயோ கைமுஷ்டியாலயோ ரெண்டு தட்டு தட்டுங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா பம்ப் மோட்டார் பிரஷ் தேஞ்சிருக்கு, அடுத்த தடவ தட்டுனாலும் ஓடாம போகலாம், நேரா ஷெட்டுக்கு போங்க. உறுதியா தெரியணும்னா பின் சீட்டுக்கு அடில இருக்கற பம்ப் ஒயர் கப்ளர்ல (ஒயர் இணைப்பு) மீட்டர் வைங்க, ஆன் போட்ட உடனே ரெண்டு செகண்ட் 12 வோல்ட் வந்தும் பம்ப் ஓடலன்னா பம்ப் போச்சு, வோல்ட்டே வரலன்னா பம்ப் மேல பழி போடாதீங்க, ஒயரிங்ல தேடுங்க. பெட்ரோல் லைன கழட்டறதா இருந்தா பிரஷர இறக்கிட்டுதான் கழட்டணும், பக்கத்துல சிகரெட், பொறி எதுவும் ஆகாது.

எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டறவங்களுக்கு பம்ப் சீக்கிரம் போகும், காரணம் அந்த பம்ப் டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி இருந்தாதான் சூடு ஆறும்.

பம்ப் சத்தம் வருது, ஆனாலும் பிடிக்கல

சத்தம் வந்தா பிரஷர் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஃபில்டர் அடைச்சிருக்கலாம், பம்ப் தேஞ்சிருக்கலாம், இந்த வகை வண்டில 3லருந்து 4 பார் வரைக்கும் பிரஷர் நிக்கணும், கேஜ் மாட்டி பாத்தாதான் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு கேன்ல 5 லிட்டர் பெட்ரோல் ஊத்தி பாருங்க, மீட்டர் முள் கால் டேங்க் காட்டும், டேங்குக்குள்ள மிதக்கற ஃப்ளோட் சிக்கி உள்ள காலியா இருக்கும், இது நீங்க நினைக்கறத விட அதிகமா நடக்கும். மாசக் கணக்குல நிறுத்தி வச்ச வண்டின்னா பழைய பெட்ரோலும் காரணமா இருக்கலாம், இப்ப பங்க்ல வர்ற இ20ல (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இருக்கற எத்தனால் ஈரத்த இழுக்கும், தண்ணி அதிகமானா கலவை பிரிஞ்சு கீழ தங்கிடும், பம்ப் அதத்தான் முதல்ல உறிஞ்சும்.

காலைல மட்டும் ரொம்ப நேரம் சுத்துன பிறகு ஸ்டார்ட் ஆகுதுன்னா ராத்திரில லைன் பிரஷர் கசிஞ்சு இறங்குது. சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்ட், ஆஃப், திரும்ப ஆன், இப்படி மூணு நாலு தடவ பண்ணிட்டு செல்ஃப் அடிங்க, உடனே பிடிச்சுதுன்னா சந்தேகம் உறுதி, பம்ப் வால்வோ சொட்டுற இன்ஜெக்டரோதான்.

பெட்ரோல் வாசம் குப்புன்னு அடிக்குது

இதுக்கு நேர் எதிர் கேஸ், பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைஞ்சு போச்சு. பார்க்கிங்ல வண்டிய பத்தடி நகத்த ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ணிட்டு, மறுநாள் வந்து பாத்தா ஸ்டார்ட் ஆகலன்னு சொல்றவங்களுக்கு பெரும்பாலும் இதுதான். ஆக்சிலேட்டர தரை வரைக்கும் முழுசா மிதிச்சு அப்படியே வச்சுக்கிட்டு 5 செகண்ட் செல்ஃப் அடிங்க, பெரும்பாலான வண்டில ஈசியூ இத புரிஞ்சுக்கிட்டு இன்ஜெக்டர நிறுத்திட்டு காத்த மட்டும் விடும். பிடிச்ச உடனே கால எடுத்துடுங்க. அப்பவும் வரலன்னா பிளக்க கழட்டி துடைச்சு காய வச்சு, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுட்டு மாட்டுங்க, பெட்ரோல் கழுவிட்டு போன ஆயில் படலம் திரும்ப வந்தாதான் கம்ப்ரெஷன் வரும்.

அடிக்கடி இப்படி ஆகுதுன்னா கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார பாருங்க. ஈசியூ தகவல படிக்கற ஸ்கேனர்ல மே மாச வெயில்ல மைனஸ் 40 டிகிரின்னு காட்டுச்சுன்னா அந்த கப்ளர் கழண்டிருக்கு, இல்ல ஒயர் அறுந்திருக்கு, எஞ்சின் பனில இருக்குன்னு நம்பி ஈசியூ பெட்ரோல கொட்டுது.

ஆர்பிஎம் முள் அசையல, இல்ல சூட்டுல நின்னு ஆறுனா ஸ்டார்ட் ஆகுது

கிராங்க் சென்சார். எஞ்சின் சுத்துதுங்கற தகவல் ஈசியூவுக்கு இதுல இருந்துதான் போகுது, இது செத்தா கரண்டும் இல்ல பெட்ரோலும் இல்ல. முள்ள மட்டும் நம்பாதீங்க, சில வண்டில நல்லா இருக்கும்போதும் செல்ஃப் அடிக்கையில முள் அசையாது. மொபைல்ல கனெக்ட் ஆகற சின்ன ஓபிடி ஸ்கேனர் ஆன்லைன்ல ஆயிரம் ரூபா பக்கம் கிடைக்கும், அதுல லைவ் டேட்டா வச்சுட்டு செல்ஃப் அடிங்க, 200 பக்கம் ஆர்பிஎம் காட்டணும். சுத்திக்கிட்டே இருக்கும்போது சைபர் காட்டுச்சுன்னா சென்சார், அதோட கப்ளர், ஒயர் இதுல ஒண்ணு. பி0335னு கோடு வந்தாலும் இதேதான், பி0340 வந்தா கேம் சென்சார் பக்கம்.

இது ஏமாத்தற விதம்தான் பெருசு. சொந்தக்காரர் ஒருத்தரோட பழைய வேகன் ஆர், மதியம் ஏசி போட்டு ஜிஎஸ்டி ரோட்ல போனா செங்கல்பட்டு பக்கம் பட்டுன்னு நிக்கும், செல்ஃப் எடுக்கும், பிடிக்காது. மரத்தடில பானெட்ட திறந்து வச்சு அரை மணி நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஷெட்டுக்கு கொண்டு போறதுக்குள்ள ஆறிடும், அங்க எல்லாம் சரியா இருக்கும், அதனால பம்ப் மாத்துனாங்க, அப்புறம் பிளக் மாத்துனாங்க, நிக்கறது நிக்கல. கடைசில ஒரு வயசான எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்த சென்சார கழட்டி மேசை மேல வச்சு ரெண்டு பின்னுக்கும் மீட்டர் வச்சாரு, ஆறி இருக்கும்போது சில நூறு ஓம், சரியாத்தான் காட்டுச்சு. வீட்டுல தலை காய வைக்கற டிரையர எடுத்து அதுமேல சூட்டு காத்த விட்டாரு. மீட்டர் நம்பர் மெதுவா ஏறி, சட்டுன்னு ஓபன்னு காட்டுச்சு, உள்ள இருக்கற சுருள் சூட்டுல விட்டுப் போகுது. டிரையர எடுத்து ஆற விட்டா பழையபடி ஓம் வந்துச்சு. சென்சார மாத்துன பிறகு அந்த வண்டி நிக்கல. உங்க வண்டியும் சூட்டுல நின்னு ஆறுனா ஓடுதுன்னா, நிக்கற இடத்துலயே சென்சார் மேல ஈரத்துணிய போட்டு குளிர வச்சு பாருங்க, உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா வேற எங்கயும் தேட வேண்டாம்.

வழக்கத்த விட வேகமா, லேசா சுத்துது

நல்ல எஞ்சின் செல்ஃப்ல சுத்தும்போது "ருர்-ருர்-ருர்"னு ஏறி இறங்கி கேக்கும், ஒவ்வொரு சிலிண்டரும் காத்த அமுக்கற சத்தம் அது. அதுக்கு பதிலா "விர்ர்ர்"னு ஒரே சீரா ஓடுச்சுன்னா கம்ப்ரெஷன் இல்ல. பெட்ரோல் வாசம் இருந்தா மேல சொன்ன கேஸ், வாசம் இல்லாம ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்ன வண்டின்னா டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். ஆயில் ஊத்தற மூடிய திறந்து உள்ள பாத்துக்கிட்டே ஒருத்தர ஒரே ஒரு செகண்ட் செல்ஃப் அடிக்க சொல்லுங்க, உள்ள வால்வ திறந்து மூடற கேமோ ராக்கரோ அசையலன்னா பெல்ட் போச்சு. அதோட நிறுத்திடுங்க, நிறைய எஞ்சின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வுல இடிக்கும், மேல மேல அடிச்சா நல்லா இருக்கற வால்வும் வளையும். மாருதி 800, பழைய சாண்ட்ரோ பெல்ட் வண்டிங்க, மாருதியோட கே சீரிஸ் எஞ்சின்ல செயின்.

எல்லாம் சரி, பிளக்ல கரண்ட் அடிக்குதா?

பிளக்க கழட்டி காயில்ல மாட்டி அதோட இரும்பு உடம்ப எஞ்சின் இரும்புல ஒட்டி வச்சு செல்ஃப் அடிச்சா நீலமா பளிச்னு பொறி வரணும், மஞ்சளா மங்கலா வந்தா வீக். கையால பிடிக்காதீங்க, அதுல ஆயிரக் கணக்குல வோல்ட் இருக்கு, ஸ்பார்க் டெஸ்டர் மலிவா கிடைக்கும். எர்த் இல்லாம அந்தரத்துல விட்டு சுத்துனா காயிலே கெட்டுடும். இத செய்யும்போது இன்ஜெக்டர் கப்ளர கழட்டி வைங்க, பொறியும் பெட்ரோல் ஆவியும் சந்திக்க வேண்டாம். ஒரு சிலிண்டர்ல மட்டும் வரலன்னா வண்டி குலுங்கிக்கிட்டாச்சும் ஸ்டார்ட் ஆகும், எல்லாத்துலயும் வரலன்னா காயில் மேல உடனே சந்தேகப்படாம முதல்ல ஃப்யூஸ், கிராங்க் சென்சார் பக்கம் திரும்புங்க.

டீசல், சிஎன்ஜி

டீசல்ல பிளக் பொறி கிடையாது, அதனால லைன்ல காத்து, ஃபில்டர்ல தண்ணி, காமன் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு டீசல் தர்ற குழாயோட அழுத்தம்), இந்த மூணுதான். டீசல் தீந்து நின்ன வண்டிக்கும் ஃபில்டர் மாத்துன வண்டிக்கும் ஏர் எடுக்கணும், கை பம்ப் இருந்தா கெட்டியாகற வரைக்கும் அமுக்குங்க. ஊட்டி, கொடைக்கானல் காலைக் குளிர்ல மட்டும் பிடிக்கலன்னா சிலிண்டர சூடாக்கற க்ளோ பிளக்க பாருங்க. ஏர் ஃபில்டர்ல ஸ்ப்ரே அடிச்சு ஸ்டார்ட் பண்றேன்னு யாராச்சும் வந்தா விடாதீங்க, சூடான க்ளோ பிளக்ல அது வெடிக்கும்.

மாருதி கம்பெனி சிஎன்ஜி வண்டி முதல்ல பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி அப்புறம்தான் கேஸுக்கு மாறும், கேஸ்தானே ஓடுதுன்னு பெட்ரோல் டேங்க காலியா விட்டா ஸ்டார்ட் ஆகாது, பம்பும் எரியும். கேஸ் நிரப்பற மூடி சரியா மூடலன்னாலும் ஸ்டார்ட் ஆக விடாத ஸ்விட்ச் ஒண்ணு அங்க இருக்கு, முதல்ல அத பாருங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் மெக்கானிக்க கூப்பிட வேண்டி வந்தா ஃபோன்லயே சொல்லிடுங்க: செக் எஞ்சின் லைட் எரியுதா இல்லையா, பம்ப் சத்தம் வருதா, சுத்தற சத்தம் எப்படி, பெட்ரோல் வாசம் இருக்கா, சூட்டுல நின்னதா காலைலயே எடுக்கலயா. இத கேட்டா எந்த பார்ட், எந்த டூல் எடுத்துட்டு வரணும்னு அவருக்கு தெரிஞ்சிடும். டோ தான்னு ஆச்சுன்னா, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு மேல ஏத்திட்டு போற ஃப்ளாட்பெட் வண்டி கேட்டு வாங்குங்க, வீல் தரைல உருள இழுத்தா கியர்பாக்ஸும் போயிடும்.